'ஹாட்' (hard) எண்ட சொல்லை எப்பிடிப் பாவிக்கிறது

எங்கட பிள்ளையளிட்ட இங்கிலீஷில 'ஹாட்' எண்டால் என்னெண்டு கேட்டால் டக்கெண்டு 'கஷ்டம்' எண்டு சொல்லுங்கள், பேப்பர் ஹாட், மட்ஸ் ஹாட், அதோட முடிஞ்சுது. பிழையில்லை, ஆனால் அது ஒண்டை மட்டும் வச்சுக்கொண்டு ஐஈஎல்டிஎஸ் எழுதப் போகேலாது.

முதல்ல, பக்கத்தில என்ன சொல் நிக்குது எண்டு பாருங்கோ. 'ஹாட் வோட்டர்' எண்டு வந்தால் உங்கட வீட்டுக் கேத்திலுக்குள்ள எட்டிப் பாருங்கோ, அடியில வெள்ளையாப் படை பிடிச்சிருக்கும். எங்கட யாழ்ப்பாண நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல், மழைத்தண்ணி அதுக்குள்ளால இறங்கேக்க கல்சியத்தைக் கரைச்சுக்கொண்டு கிணத்துக்கு வருது, கொதிக்க வச்சால் அது கேத்திலில படியுது, சவுக்காரமும் லேசில நுரைக்காது. அந்தத் தண்ணிதான் ஹாட் வோட்டர். (தேசிக்காய்ப்புளி விட்டு ஊறவிட்டால் படை கழரும், அது வேற கதை.)

'ஹாட் கரன்சி' எண்டால் டொலர், பவுண்ஸ் மாதிரி எங்கயும் செல்லுபடியாகிற காசு, 2022 இல நாட்டில அது இல்லாமப் போய்த்தான் பெற்றோல் செட்டில வரிசையில நிண்டனாங்கள். 'ஹாட் லிக்கர்' சாராயம், விஸ்கி. கள்ளும் பியரும் அதில சேராது. 'ஹாட் கொப்பி' பேப்பரில பிரிண்ட் எடுத்தது. காது மந்தமான ஆக்களை 'ஹாட் ஒஃப் ஹியரிங்' எண்டு சொல்லலாம்.

இனித்தான் கவனம். 'ஐ வேர்க் ஹாட்' எண்டால் நல்லா முறிஞ்சு வேலை செய்யிறன். கிராமர் தெரியும் எண்டு காட்ட வால் ஒண்டை ஒட்டி 'ஐ ஹாட்லி வேர்க்' எண்டு இன்ரவியூவில சொன்னீங்களோ, நான் வேலையே செய்யிறேல்லை எண்டு நீங்களே சொன்ன மாதிரி. 'இட்ஸ் ரெய்னிங் ஹாட்' எண்டால் அடிச்சு ஊத்துது, 'இட் ஹாட்லி ரெய்ன்ஸ்' எண்டால் மழையே இல்லாத குறை, எங்கட ஆடி மாசம் மாதிரி. ஹாட்லிக்குள்ளயே 'இல்லை' இருக்கு, அதால 'கான்ட் ஹாட்லி' எண்டு இன்னொரு இல்லையைச் சேக்காதேங்கோ.

உச்சரிப்பும் ஒருக்கா. ஹாட் கடைசியில 'வண்டி'யில வாற டகரம், இதயத்துக்குச் சொல்லுற ஹார்ட்டில 'பட்டம்' மாதிரி இறுக்கமா வரும். சுடுதண்ணி கேக்கேக்க 'ஹொட்'.

சின்ன மனஸ்தாபம் வந்தால் 'நோ ஹாட் ஃபீலிங்ஸ்' சொல்லலாம், மனசில ஒண்டும் வச்சிருக்கேல்லை எண்டு அர்த்தம். வேலிச் சண்டைக்குச் சரிவராது.