இருட்டுக் காட்சிகள் கெடாமல் பழைய டிவி பதிவுகளை டிவிடியாக்குவது எப்படி?

தொண்ணூறுகளில் ராத்திரி நேரத்தில் ஒளிபரப்பான மர்மத் தொடர்களை விசிஆரில் பதிந்து வைத்த வீடுகள் நிறைய உண்டு. அந்த கேசட்டுகளை இப்போது டிவிடிக்கு மாற்றுகிறவர்கள் எல்லாரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். பகல் காட்சிகள் நன்றாக வருகின்றன. இரவுக் காட்சி வந்ததும் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது, பின்னால் உள்ள சுவரில் ஏதோ ஊர்வது போலத் தெரிகிறது, கறுப்பு சாம்பல் நிறமாக வெளுத்துப் போகிறது. கேசட் பழசு, அப்படித்தான் இருக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. கேசட்டில் இருப்பதை அப்படியே வட்டுக்குக் கொண்டுவர முடியும்.

முதலில் ஏன் இப்படி ஆகிறது என்று பார்த்துவிடுவோம். டிஜிட்டல் வீடியோவில் வெளிச்சத்தின் அளவு ஓர் எண். கறுப்பு 16, வெள்ளை 235. இரவுக் காட்சியில் படத்தின் பெரும்பகுதி 16-க்கும் 60-க்கும் நடுவில் அடங்கிவிடும். கன்னத்தின் வளைவு, தலைமுடிக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் அங்கே இரண்டு மூன்று எண்களில்தான் இருக்கிறது. டிவிடிக்கான எம்பெக்-2 முறை படத்தை 8-க்கு 8 புள்ளி கொண்ட சதுரங்களாக வெட்டி, சின்ன வித்தியாசங்களைத் தூக்கிப் போட்டு இடத்தை மிச்சப்படுத்துகிறது. வெயில் காட்சியில் அது கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் அந்தச் சின்ன வித்தியாசம்தான் படமே. போதாததற்கு விஎச்எஸ் (வீட்டு விசிஆர் கேசட்) படத்தில் இரைச்சல், அதாவது மினுமினுக்கும் பொடிப் புள்ளிகள், ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறிக்கொண்டே இருக்கும். படத்துக்கு ஒதுக்கிய பிட்களில், அதாவது தரவு இடத்தில், பாதியை அதுவே தின்றுவிடுகிறது.

தேவையானவை

ஓடுகிற விசிஆர், விசிஆர் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் யுஎஸ்பி கேப்சர் கருவி, கேபிள், விண்டோஸ் கணினி, வன்தட்டில் தாராளமாக இடம். சுருக்காமல் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 75 ஜிபி ஆகும். ஹஃப்ஒய்யுவி போன்ற இழப்பில்லாத கோடெக் (எதையும் தூக்கிப் போடாமல் சுருக்கும் நிரல்) போட்டால் பெரும்பாலும் ஏறக்குறைய பாதியாகிவிடும். மணிக்கு 40 ஜிபி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள்கள் எல்லாமே இலவசம்: பதிய விர்ச்சுவல்டப், டிவிடியாக்க ஏவிஎஸ்டூடிவிடி, வட்டில் எழுத இம்ஜ்பர்ன்.

கேசட்டை உள்ளே தள்ளுவதற்கு முன்னால் அதன் கண்ணாடி ஜன்னலில் டார்ச் அடித்துப் பாருங்கள். டேப் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் இது சகஜம். அந்த கேசட்டை நல்ல விசிஆரில் போடவே கூடாது. ஹெட் அழுக்காகும், அடுத்து போடுகிற கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டிக்கொள்ளும். சுத்தமான கேசட்டை ஒரு தடவை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள்.

விசிஆரில் எஸ்-வீடியோ வெளியீடு (வட்டமான சின்ன சாக்கெட்) இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் மஞ்சள் ஜாக் போதும்.

விர்ச்சுவல்டப்பைத் தயார் செய்வது

கருவியோடு வரும் சிடியில் உள்ள மென்பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பெரும்பாலானவை பதியும்போதே எம்பெக்-2 ஆகச் சுருக்கிவிடும். அவசரத்தில் ஒரே ஓட்டத்தில் சுருக்கும்போது முதலில் அடிபடுவது இருட்டுதான். பிறகு அதைச் சரிசெய்ய வழியே கிடையாது.

விர்ச்சுவல்டப்பில் ஃபைல் மெனுவுக்குள் போய் 'கேப்சர் ஏவிஐ'யைத் திறந்து கருவியைத் தேர்ந்தெடுங்கள். டிவி முறை பால்-பி (PAL-B). இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அதுதான். சில கருவிகள் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க முறையில் நிற்கும், மாற்றிவிடுங்கள். அளவு 720-க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம், நிற வடிவம் ஒய்யுஒய்2, கம்ப்ரஷன் ஹஃப்ஒய்யுவி. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். டிவிடிக்கு அதுதான் வேண்டும்.

கறுப்பின் அளவைச் சரிசெய்வது

இந்த இடத்தில் பொறுமை வேண்டும். இங்கே தவறவிட்டதைப் பின்னால் எந்த ஃபில்டராலும் மீட்க முடியாது.

கேசட்டில் இருப்பதிலேயே இருட்டான காட்சியைத் தேடி எடுங்கள். உதாரணத்துக்கு, சந்துக்குள் ஒருவன் நிற்கிறான், தெருவிளக்கு தூரத்தில், அவன் தலைமுடிக்கும் பின்சுவருக்கும் மட்டும் லேசான வித்தியாசம். அதை ஓட்டிக்கொண்டே வீடியோ மெனுவில் ஹிஸ்டோகிராமைப் போடுங்கள். படத்தில் எந்த அளவு வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம் படத்துக்குக் கீழே வரும். அதன் இரண்டு முனைகளிலும் சிவப்புப் பகுதி இருக்கும். இடது சிவப்பு கறுப்புக்குக் கீழே, வலது சிவப்பு வெள்ளைக்கு மேலே.

ஒரு விஷயம் கவனம். விஎச்எஸ் படத்தின் ஓரங்களில் கறுப்புப் பட்டையும், அடியில் கோணல்மாணலாகத் துடிக்கும் சில வரிகளும் இருக்கும். ஹிஸ்டோகிராம் அவற்றையும் சேர்த்தே எண்ணும். அதனால் வீடியோ மெனுவில் உள்ள 'கிராப்பிங்' கொண்டு அவற்றைத் தற்காலிகமாக வெட்டி மறையுங்கள். அப்புறம் 'லெவல்ஸ்' திறந்து பிரைட்னஸை மெல்ல நகர்த்துங்கள். வரைபடத்தின் இடது அடிவாரம் சிவப்பின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். சிவப்புக்குள் குவியலாக ஏறினால் தலைமுடியும் சுவரும் ஒன்றாகிவிட்டன என்று அர்த்தம். சிவப்பை விட்டு ரொம்பத் தள்ளி நின்றால் கறுப்பு வெளுத்திருக்கிறது. இருட்டு சரியானதும் பட்டப்பகல் காட்சி ஒன்றுக்குப் போய், வலது பக்கம் சிவப்பைத் தாண்டாதபடி கான்ட்ராஸ்டைக் குறையுங்கள். மறுபடி இருட்டுக்கு வந்து சரிபாருங்கள், ஒன்றை மாற்றினால் மற்றது நகரும். முடிந்ததும் கிராப்பிங் எண்களைப் பூஜ்யமாக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் படத்தின் அளவே மாறிவிடும்.

'கொஞ்சம் வெளிச்சம் கூட்டினால் நன்றாகத் தெரியுமே' என்று கை துறுதுறுக்கும். கூட்டாதீர்கள். பகலில் மடிக்கணினித் திரையைப் பார்த்து இருட்டை எடைபோடவே முடியாது. வெளிச்சத்தைக் கூட்டினால் முகத்தோடு இரைச்சலும் மேலே ஏறும், படத்தைச் சுருக்கும் என்கோடர் அதற்கும் பிட் செலவழிக்கும். அந்தக் காட்சியை எடுத்த ஒளிப்பதிவாளர் இருட்டு வேண்டுமென்றுதான் எடுத்தார். அது இருட்டாகவே இருக்கட்டும்.

கார் ஹெட்லைட் வரும்போது மட்டும் படம் முழுக்க மங்குகிறதா? கருவியின் தானியங்கி கெயின் (சிக்னல் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி) வேலை செய்கிறது. அமைப்புகளில் அதை அணைக்க வழியிருந்தால் அணைத்துவிடுங்கள்.

பதிவு

மற்ற நிரல்களை எல்லாம் மூடிவிட்டு இரண்டு நிமிடம் சோதனையாகப் பதியுங்கள். வலப்பக்கத்தில் விடுபட்ட ஃபிரேம், செருகிய ஃபிரேம் இரண்டின் எண்ணிக்கையும் ஓடும். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. விடாமல் ஏறினால் விசிஆர் சிக்னல் நிலையாக இல்லை, நடுவில் சிக்னலின் நேரத் தடுமாற்றத்தைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி தேவைப்படும். சரி என்றால் முழுவதையும் ஓடவிடுங்கள்.

வெட்டுவதும் துடைப்பதும்

விளம்பரங்களை 'டைரக்ட் ஸ்ட்ரீம் காப்பி' முறையில், அதாவது மறுபடி சுருக்காமல், வெட்டுங்கள். ஹஃப்ஒய்யுவியில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி என்பதால் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். ஆர்ஜிபிக்கு (சிவப்பு, பச்சை, நீல எண்களாக நிறத்தைக் குறிக்கும் முறை) மாற்றும் பழைய ஃபில்டர்களைத் தொடாதீர்கள். அந்த மாற்றத்தில் 16-க்குக் கீழே இருக்கும் நிழல் விவரம் துண்டாகிப் போகும்.

அடியில் துடிக்கும் அந்த வரிகளைக் கறுப்பால் மூடிவிடுங்கள். யாரும் பார்க்காத அந்தத் துடிப்புக்கும் பிட் செலவாகிறது. இரைச்சல் குறைக்க ஃபிரேமுக்கு ஃபிரேம் ஒப்பிடும் ஃபில்டர் ஒன்றை மிக லேசாகப் போடலாம். அதிகம் போட்டால் சுவர் பிளாஸ்டிக் மாதிரி வழுவழுப்பாகி, நிழலில் பட்டை பட்டையாக வளையங்கள் தெரியும். கொஞ்சம் பொடிப் புள்ளி இருக்கட்டும். அந்தப் பட்டைகளை மறைப்பதே அதுதான்.

பழைய டிவி படத்தின் ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் கொண்ட இரண்டு ஃபீல்டுகளாக வரும். இதுதான் இன்டர்லேஸ். இவற்றை ஒன்றாக்கும் டீஇன்டர்லேஸ் செய்ய வேண்டாம். டிவிடி இன்டர்லேஸை அப்படியே ஏற்கும்.

என்கோட் செய்வது

ஏவிஎஸ்டூடிவிடியில் என்கோடராக எச்.சி. (HC) என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு ஓட்ட முறை (முதல் ஓட்டத்தில் அலசி, இரண்டாவதில் சுருக்குவது), இன்டர்லேஸ், மேல் ஃபீல்டு முதலில். இன்ட்ரா டிசி பிரிசிஷன் என்றொரு அமைப்பு இருக்கும். அதை 10 ஆக்குங்கள். ஒவ்வொரு சதுரத்தின் சராசரி வெளிச்சத்தையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறித்து வைப்பது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. 8-ல் விட்டால் இரவு வானம் படிக்கட்டு மாதிரி இறங்கும்.

பிட்ரேட்டில், அதாவது ஒரு நொடிப் படத்துக்குச் செலவாகும் பிட்களில், கஞ்சத்தனம் வேண்டாம். 4.7 ஜிபி வட்டில் ஒரு மணி நேரம் என்றால் நொடிக்கு 8 மெகாபிட், ஒன்றரை மணி நேரம் என்றால் 6.5, இரண்டு மணி நேரம் என்றால் 4.8 சராசரியாகக் கிடைக்கும். டிவிடி வீடியோவுக்கு உச்சவரம்பு 9.8. ஆனால் வீட்டில் எழுதிய வட்டைப் பழைய பிளேயர்கள் தடுமாறாமல் படிக்க, உச்சத்தை 9-க்குள் வைப்பது நல்லது. ஒலிக்கு ஏசி-3, 192 கிலோபிட் போதும்.

இருட்டுத் தொடர் என்றால் ஒரு வட்டுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்றியே ஆக வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. படத்தின் அளவை 352-க்கு 576 ஆக்குங்கள். டிவிடி விதி இதை அனுமதிக்கிறது. விஎச்எஸ்ஸின் கிடைமட்டத் தெளிவு சுமார் 240 கோடுகள்தான், அதனால் பெரிதாக எதுவும் போகாது. புள்ளிகள் பாதியாவதால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு சதுரத்துக்கும் கூடுதல் பிட் கிடைக்கும். இரவுக் காட்சியில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

முழுவதையும் ஓட்டும் முன்னால் அந்தச் சந்துக் காட்சியை மட்டும் இரண்டு நிமிடம் வெட்டி என்கோட் செய்து, திரும்ப எழுதக்கூடிய வட்டில் போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு டிவியில் பாருங்கள். அந்தக் காட்சி தேறினால் மற்றதெல்லாம் தேறும்.

வட்டில் எழுதுவது

இம்ஜ்பர்னில் வேகம் 8 மடங்கு, 'வெரிஃபை' டிக் செய்திருக்க வேண்டும். வட்டின் மேல் காகித லேபிள் ஒட்டாதீர்கள், நீர் மை மார்க்கரால் எழுதுங்கள். ஃபோனில் பார்க்கவும் ஒரு பிரதி வேண்டுமென்றால், அதற்கு மட்டும் டீஇன்டர்லேஸ் செய்து எக்ஸ்264-ல் சுருக்குங்கள். அதில் 'ஏக்யூ மோட் 3' என்ற அமைப்பு இருட்டுப் பகுதிகளுக்குக் கூடுதல் பிட் கொடுக்கும். அந்தப் பிரதியையும் எடுத்து, வட்டையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்த பிறகே அந்த 40 ஜிபி கோப்பை அழியுங்கள்.