சண்டையைப் பாதியில் நிறுத்துவது எப்படி, மறுபடி தொடங்குவது எப்படி

கணவன் மனைவிக்குள், காதலர்களுக்குள் பேச்சு முற்றும்போது உடம்புதான் முதலில் கை மீறுகிறது. இதயம் படபடக்கிறது, மூச்சு மேலேறுகிறது. எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழும், மண்டையில் ஏறாது. அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் காட்மனும் ராபர்ட் லெவன்சனும் 1980-களிலிருந்து தம்பதிகளை எதிரெதிரே உட்காரவைத்து, நாடித்துடிப்பை அளந்தபடியே பேசவிட்டு ஆராய்ந்தார்கள். காட்மன் சொல்லும் எல்லை, நிமிடத்துக்கு 100 துடிப்பு. அதைத் தாண்டிவிட்டால் எவ்வளவு நியாயமான வாதமும் எடுபடாது. அங்கேயே நிறுத்த வேண்டும்.

நிறுத்துவதற்கான ஒப்பந்தத்தைச் சண்டை இல்லாத நாளில் போட்டுக்கொள்ளுங்கள். நடுச்சண்டையில் போட முடியாது. யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம், இடைவெளி குறைந்தது 20 நிமிடம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் பேச்சுக்குத் திரும்ப வேண்டும். இந்த மூன்றும் போதும்.

நாடியை எண்ணிப் பார்ப்பது சுலபம். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணுங்கள். 25 வந்தால் நிமிடத்துக்கு 100. கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதிலும் துடிப்பு உண்டு என்பதால் கணக்கு தப்பும். எண்ண நேரமில்லையா? சொன்னதையே மூன்றாவது முறை சொல்கிறீர்கள், பழைய கதையை இழுக்கிறீர்கள் என்றால் அதுவே போதுமான அறிகுறி.

நிறுத்தும்போது என்ன சொல்கிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். “முதல்ல நீ அடங்கு, அப்புறம் பேசலாம்” என்பது நிறுத்தம் இல்லை, இன்னொரு அடி. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், நேரத்தைச் சொல்லுங்கள், யார் திரும்பி வருவது என்பதையும் சொல்லுங்கள்: “எனக்குப் படபடன்னு வருது, இப்ப பேசினா தப்பாப் பேசிடுவேன். ஒன்பது மணிக்கு நானே வர்றேன்.”

நேரம் சொல்லாமல் எழுந்து போனால் மற்றவர் பின்னாலேயே வருவார். ஒருவர் துரத்த, மற்றவர் ஒதுங்க, துரத்தல் இன்னும் கூடும். உறவுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் சுழல் இது. துரத்துகிறவரைப் பிடிவாதக்காரர் என்று முடிவுகட்டுவது அநியாயம். ‘இப்படியே விட்டுட்டுப் போயிடுவாங்களோ’ என்ற பயம்தான் அவரைக் கிளப்புகிறது. ஒன்பது மணி என்ற ஒரு சொல் அந்தப் பயத்தைப் பாதியாக்கும்.

அந்த 20 நிமிடத்தில் சண்டையை மனதுக்குள் ஓட்டக் கூடாது. ‘அவ அப்படிச் சொன்னா, நான் இப்படிக் கேட்பேன்’ என்று ஒத்திகை பார்த்தால் துடிப்பு இறங்கவே இறங்காது. மெசேஜில் சண்டையைத் தொடர்வதும், ஆதரவு தேடி யாருக்காவது போன் போடுவதும் அதே கணக்குதான். காட்மனின் ஆய்வுக்கூடத்தில் கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி வாக்குவாதத்தை நிறுத்தி, தம்பதிகளைப் பத்திரிகை புரட்ட விட்டார்கள். துடிப்பு இறங்கித் திரும்பியவர்கள் அதே விஷயத்தை வேறு மனிதர்கள்போலப் பேசினார்கள். நடங்கள், துணி மடியுங்கள், 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடுங்கள்.

சொன்ன நேரத்துக்கு, நிறுத்தியவர்தான் முதலில் வர வேண்டும். மனம் இன்னும் ஆறவில்லை என்றாலும் வந்து, வேறு நேரம் சொல்லிவிட்டுப் போகலாம். வராமலே இருந்துவிட்டால் அடுத்த முறை உங்கள் நிறுத்தத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

திரும்பத் தொடங்கும்போது ஒரே ஒரு சம்பவம், உங்கள் உணர்வு, ஒரு கோரிக்கை. “நீ எப்பவுமே இப்படித்தான்” என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தற்காப்புக்குப் போய்விடுவார். “நேத்து லேட்டாகும்னு சொல்லவே இல்ல. பயந்துட்டேன். இனிமே ஒரு மெசேஜ் போட்டுடு” என்றால் பதில் சொல்ல இடம் இருக்கிறது. கேட்பவர் பதிலுக்கு முன், தான் கேட்டதைத் தன் வார்த்தையில் சொல்லிக்காட்ட வேண்டும். “ஆமா, அதான்” என்று வரும்வரை தன் நியாயத்தை எடுக்கக் கூடாது. இது கடினம், முழு முறையிலும் பலன் அதிகம் தருவதும் இதுதான்.

அன்றைக்கே தீர்வு வேண்டும் என்று நிற்காதீர்கள். தம்பதிகளின் கருத்து வேறுபாடுகளில் 69 சதவீதம் தீராமல் தொடர்பவை என்பது காட்மனின் கணக்கு.

நான்கு மாதத்துக்கு ஒருமுறை, அண்மையில் போட்ட சண்டையைப் பற்றி இந்த மூன்று கேள்விகளுக்கு 7 நிமிடம் பதில் எழுதுவதும் உதவும். இருவருக்கும் நல்லது நினைக்கும் மூன்றாவது ஆள் இந்தச் சண்டையை எப்படிப் பார்ப்பார்? அப்படிப் பார்க்க விடாமல் என்னைத் தடுப்பது எது? அடுத்த சண்டையில் அதை எப்படிச் சமாளிப்பேன்? அமெரிக்க உளவியலாளர் எலி ஃபிங்கெல் குழுவினர் 120 தம்பதிகளை 2 ஆண்டுகள் தொடர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆண்டில் எல்லோருக்குமே திருமணத்தில் நிறைவு சரிந்தது. இரண்டாம் ஆண்டில் இப்படி எழுதியவர்களுக்கு மட்டும் சரிவு நின்றது.

இந்த முறை, இருவரும் பயமில்லாமல் பேசக்கூடிய உறவுக்கானது. அடி, மிரட்டல், வெளியே போகவிடாமல் தடுப்பது இருக்கும் இடத்தில் ஒன்பது மணிக்குத் திரும்ப வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அங்கிருந்து வெளியேறி, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி உதவி பெறுங்கள்.