'என்.ஆர்.ஐ' என்று எப்போது எழுதலாம்?

வங்கியில் வெளிநாடு வாழ் இந்தியர் பிரிவில் வேலை பார்க்கிறேன். படிவத்தில் அதிகம் குழப்புவது 'என்.ஆர்.ஐ' கட்டம்தான். வெளிநாட்டில் இருப்பவர் எல்லோரும் என்.ஆர்.ஐ இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அதில் சேரமாட்டார். அவருக்குப் பொருந்துவது ஓ.சி.ஐ, அதாவது இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை. அது குடியுரிமை அல்ல, அதை வைத்து இங்கே ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலமும் வாங்க முடியாது.

இந்திய பாஸ்போர்ட் கையில் இருந்தால் அடுத்த கேள்வி, யார் கேட்கிறார்கள் என்பது. வங்கிக்கும் வருமான வரிக்கும் ஒரே பதில் வராது.

வேலைக்காக அக்டோபர் 15 அன்று துபாய்க்கு விமானம் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்நியச் செலாவணிச் சட்டப்படி, அதாவது வங்கியைப் பொறுத்தவரை, போன நாளிலிருந்தே நீங்கள் என்.ஆர்.ஐ. வரிக்கு அப்படி இல்லை. ஏப்ரல் 1 முதல் எண்ணினால் 198 நாள் இந்தியாவில் இருந்திருக்கிறீர்கள். 182 நாள் ஆகிவிட்டால் அந்த நிதியாண்டு முழுக்க நீங்கள் உள்நாட்டவர்தான். இதுவே செப்டம்பர் 28-ல் கிளம்பியிருந்தால் 181 நாள், வரிக்கும் என்.ஆர்.ஐ ஆகியிருப்பீர்கள். அதனால் பாஸ்போர்ட்டின் இமிக்ரேஷன் முத்திரைகளைப் பார்த்து எண்ணிவிட்டு டிக் அடியுங்கள். விடுமுறைக்கு வந்துபோன நாட்களையும் சேர்க்க வேண்டும். இந்தியாவில் வரும் வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறவர்களுக்கு 120 நாள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அவர்கள் ஆடிட்டரைக் கேட்பது நல்லது.

அப்புறம், பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டாதீர்கள். அதை என்.ஆர்.ஓ-வாக மாற்ற வேண்டும். வீட்டு வாடகை, பென்ஷன் போன்ற உள்ளூர் வரவு அதில் வரட்டும். வட்டிக்கு வரி பிடிப்பார்கள். அங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ கணக்கு தனியாகத் திறங்கள். அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை, பணத்தைத் திரும்ப எடுத்துப்போகவும் தடையில்லை. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் கலக்கப் பார்க்கிறவர்களிடம் நான் கண்டிப்பாகவே சொல்லிவிடுவேன்: வேண்டாம்.

ஓட்டுரிமை இன்னொரு விஷயம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காத என்.ஆர்.ஐ, படிவம் 6ஏ கொடுத்து பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரித் தொகுதியில் பெயர் சேர்க்கலாம். ஓட்டுப் போட மட்டும் நேரில் வர வேண்டும், அசல் பாஸ்போர்ட்டோடு.