கேஎல்லில் ஜோடியாக நடக்கப் போகிறீர்களா? தூரத்தை நம்பாதீர்கள்

போன ஞாயிறு கோலாலம்பூரின் (கேஎல்) மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி ரயில் நிலைய வாசலில் ஓர் இளம் ஜோடியைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் தாலிக் கயிற்றில் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. தைப்பிங்கிலிருந்து விடியற்காலை ரயிலில் வந்தவர்களாம். "அக்கா, கேஎல் டவருக்கு இப்படியே நடந்து போயிடலாம்ல? கிட்டத்தான தெரியுது" என்று அந்தத் தம்பி கேட்டார். எனக்குப் பகீரென்றது. நானும் என் கணவரும் கல்யாணமான புதிதில் இதே நினைப்போடுதான் இந்த ஊரில் கிளம்பினோம்.

குடை, தண்ணீர், பழகிய செருப்பு இதெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லி அனுப்பியிருப்பார். அதை விட்டுவிடுகிறேன். ஜோடிகள் செய்யும் மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கண்ணுக்குக் கிட்டே இருப்பது காலுக்கும் கிட்டே என்று நினைப்பது

கேஎல் டவர் 421 மீட்டர் உயரம். அதுவும் புக்கிட் நானாஸ் குன்றின்மேல் நிற்கிறது. எந்தத் தெருமுனையில் நின்று பார்த்தாலும் அடுத்த சந்தில் இருப்பதுபோலத்தான் தோன்றும். நடந்தால் வெயிலில் மேடேற வேண்டும்.

கண்ணைவிட மோசமாக ஏமாற்றுவது கைத்தொலைபேசி வரைபடம். 2011-ல் என் கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் லீவு கிடைக்கும். அந்த ஞாயிறு கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி, தேசிய அருங்காட்சியகத்துக்கு நடக்க முடிவு செய்தோம். வரைபடத்தில் இரண்டும் ஒட்டினாற்போல் இருந்தன. கொஞ்ச தூரத்திலேயே நடைபாதை நின்றுவிட்டது. ஒரு பக்கம் வேலி, இன்னொரு பக்கம் நிற்காமல் பாயும் வண்டிகள். திரும்பி வேறு வழி பார்த்தோம். அங்கும் அதே கதை. நான் சேலை கட்டியிருந்தேன். புல்மேட்டில் ஏறும்போது கரை கிழிந்தது. "நீதானே நடக்கலாம்னு சொன்னே" என்றார் அவர். "வழி பார்த்தது நீங்கதானே" என்றேன் நான். கடைசியில் ஒரு டாக்சிக்காரர் மீட்டர் போடாமல் 15 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார், கொடுத்தோம். போய்ச் சேர்ந்தபோது அருங்காட்சியகம் மூட அரை மணி நேரமே இருந்தது. வீடு திரும்பும்வரை இருவரும் பேசவில்லை. 15 வெள்ளியை அன்றே மறந்துவிட்டேன். அந்த ஞாயிறு போனதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

காரணம் பிறகுதான் புரிந்தது. கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுகிற இடத்தில் உண்டான ஊர் இது. அப்புறம் ரயில் தண்டவாளம் வந்தது, அதற்கப்புறம் அகலச் சாலைகள். இவை எல்லாம் சேர்ந்து ஊரைத் துண்டு துண்டாக வெட்டிவைத்திருக்கின்றன. ஒரு துண்டுக்குள் நடப்பது சுகம். துண்டு விட்டுத் துண்டு நடப்பதுதான் வதை. அதனால் எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள். நடுவில் என்ன குறுக்கிடுகிறது என்று பாருங்கள். ஜாலான் டாமன்சாரா, ஜாலான் கூச்சிங், ஜாலான் துன் ரசாக் இவற்றில் ஒன்று குறுக்கே ஓடினால், மேம்பாலமோ சுரங்கப்பாதையோ இருப்பது உறுதியாகத் தெரியாதவரை ரயிலேறிவிடுங்கள். நாங்கள் தவித்த அதே இடத்துக்கு 2017-ல் எம்ஆர்டி ரயில் நிலையம் வந்துவிட்டது. இப்போது கேஎல் சென்ட்ரலிலிருந்து இணைப்பு நடைபாதையிலேயே போய்விடலாம்.

கேஎல் டவருக்குப் பதிலாக அந்தத் தைப்பிங் ஜோடிக்கு நான் சொன்ன வழி இதுதான். மஸ்ஜித் ஜாமெக்கிலிருந்து லெபோ அம்பாங். ஒரு காலத்தில் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த தெரு. அங்கிருந்து மேடான் பாசார் வழியாக ஜாலான் துன் எச்.எஸ். லீ. இதற்குப் பழைய பெயர் ஹை ஸ்திரீட். சுற்றியிருந்த இடங்களைவிட மேடாக இருந்ததால் அந்தப் பெயர். 1873-ல் தோன்றிய மகா மாரியம்மன் கோயில் இந்தத் தெருவில்தான் இருக்கிறது, எதிர்ப்பக்கத்தில் சீனர்களின் குவான் டி கோயில். அம்மனைக் கும்பிட்டு வெளியே வந்தால் சீனக் கடைத்தெருவான பெட்டாலிங் ஸ்திரீட் பக்கத்திலேயே, மறுபக்கம் பாசார் செனி என்னும் சென்ட்ரல் மார்க்கெட். எல்லாம் ஒரே துண்டுக்குள். பாதி தூரம் கடைகளுக்கு முன்னால் கூரையோடு இருக்கும் அஞ்சடி நடைபாதையிலேயே நிழலில் போகலாம்.

இரட்டைக் கோபுரப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு நல்ல துண்டு உண்டு. கேஎல்சிசி மாநாட்டு மையத்திலிருந்து கடைகள் நிறைந்த புக்கிட் பிந்தாங்குக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் குளிரூட்டிய மேல்நடைபாதை போகிறது. கீழே சாலையில் நடந்து சிக்னலுக்குச் சிக்னல் நிற்பவர்களைப் பார்த்தால் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருக்கும்.

திங்கட்கிழமை

இரட்டைக் கோபுரம் ஏறும் எண்ணமிருந்தால் அன்றைக்கு வேண்டாம். பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும்.

வெள்ளி மதியம்

தொழுகை நேரம். மஸ்ஜித் ஜாமெக்கைச் சுற்றிப் பார்க்க வேறு நேரம் பாருங்கள்.

வழி பார்ப்பதை ஒருவரிடமே விட்டுவிடுவது

ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு முன்னால் போவார், இன்னொருவர் பத்தடி பின்னால் வருவார். நடைபாதையில் நான் பார்க்கும் பாதி ஜோடிகள் இப்படித்தான். பின்னால் வருபவருக்கு எங்கே போகிறோம் என்பதே தெரியாது. கால் வலித்தாலும் சொல்ல மாட்டார். நாங்கள் இப்போது மதியம்வரை அவர், அதற்குப் பிறகு நான் என்று பிரித்துக்கொள்கிறோம். அவர் வழி பார்த்தால் பழைய கட்டடங்கள், நான் பார்த்தால் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானின் துணிக்கடைகள்.

கைப்பை

சாலைப் பக்கத் தோளில் மாட்டாதீர்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பறிக்கிறார்கள்.

வாழை இலையில் சாப்பிட்டுவிட்டு நடப்பது

லிட்டில் இந்தியாவான பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டை மதியத்தில் வைக்காதீர்கள். ரசமும் மோரும் முடிந்த வயிற்றோடு ஒரு மணி வெயிலில் யாராலும் நடக்க முடியாது. மதியம் மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடையில் ஒரு ரொட்டி சானாய், ஒரு தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் தேநீர்) போதும்.

மழையை எதிர்த்து நடப்பது

ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மூன்று மணிவாக்கில் வானம் கறுத்தால் சாரலோடு போகாது, இடியோடுதான் வரும். குடையைப் பிடித்துக்கொண்டு திறந்தவெளியில் போகாதீர்கள். மூன்று மணிக்குக் கூரைக்குக் கீழே இருப்பதுபோலத் திட்டம் போடுங்கள். நாங்கள் பெரும்பாலும் பாசார் செனிக்குள் இருப்போம். மழை விட்டதும் ஆறுகள் கூடும் இடத்துக்குத் திரும்பிப் போவோம். இரண்டு ஆறுகளிலும் செந்நிறத்தில் வெள்ளம் ஏறியிருக்கும், நடுவில் பள்ளிவாசல் கழுவிவிட்டதுபோல் நிற்கும். மஸ்ஜித் ஜாமெக் நிலையம் அங்கிருந்து நாலு எட்டில் இருப்பதால், கால் ஓய்ந்துபோனாலும் வீட்டுக்கு ரயிலேறக் கஷ்டமில்லை.