அரை நிமிடத்தில் மூடும் மேசை: குழந்தை இருக்கும் வீட்டில் மினியேச்சர் ஆட்டத்துக்கு

என் மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. சாப்பாட்டு மேசையில் வார்ஹாமர் 40,000 ஆட்டம், அதாவது விரல் உயர பிளாஸ்டிக் வீரர்களை நகர்த்தி ஆடும் போர் ஆட்டம், மூன்றாவது ரவுண்டில் இருந்தது. நண்பர் பால்கனியில் போன் பேசிக்கொண்டிருந்தார். காலிங் பெல் அடித்தது. போய்க் கூரியரை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவ்வளவுதான் நேரம். நாற்காலியில் ஏறி நின்றுகொண்டிருந்தாள், வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. உள்ளங்கையை நீட்டியதும் துப்பினாள். துப்பாக்கியோடு ஒடிந்து வந்த ஒரு வீரனின் கை.

அதன் பிறகு எட்டு மாதம் நான் ஆடவில்லை. அந்த நாட்களில்தான் இந்த மேசையை யோசித்தேன். குழந்தை உள்ள வீட்டு மேசை என்றதும் எல்லோரும் மூலைகளைத்தான் முதலில் நினைப்போம். அதுவும் முக்கியம்தான். ஆனால் எனக்கு நிஜமான பயம், பெல் அடிக்கும்போதும் பால் பொங்கும்போதும் நாம் முதுகைத் திருப்பும் அந்த அரை நிமிடம். அதனால் நான் வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான்: ஒரு வீரனைக்கூட நகர்த்தாமல், தனி ஆளாக, அரை நிமிடத்தில் மேசையை மூடிவிட முடிய வேண்டும். கீழே வரும் அளவுகளெல்லாம் இதிலிருந்து பிறந்தவை. மரவேலை பழக்கமே இல்லாதவரும் இரண்டு வார இறுதிகளில் செய்யலாம். நீளமான வெட்டுகளை மட்டும் கடையிலேயே வெட்டி வாங்கிவிடுங்கள்.

1. மண்டியிட்டு அளந்து பாருங்கள்

டேப்பை எடுத்துக் குழந்தையின் உயரத்தையும், கையைத் தூக்கினால் எட்டும் உயரத்தையும் அளந்து சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதில் சராசரியாக 87 செ.மீ., மூன்றில் 95, நான்கில் 102 என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் நின்று ஆட வசதியான மேசை உயரம் 36 அங்குலம், அதாவது 91 செ.மீ. இரண்டு வயதுக் குழந்தைகூடக் கையைத் தூக்கினால் விளிம்பைப் பிடித்துவிடும் என்று இதிலேயே தெரிகிறது. உயரத்தை மட்டும் நம்பவே கூடாது.

ஆகவே நாம் செய்யப்போவது தட்டையான மேசை இல்லை, ஆழமில்லாத ஒரு தொட்டி. நான்கு பக்கமும் 4 அங்குலச் சுவர். இரண்டு வயதுக் குழந்தை விளிம்பைப் பிடித்தாலும் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, விரல் தொட்டியின் அடியைத் தொடாது. 28 மி.மீ. அளவு வீரன் ஒருவன் பேஸோடு (காலடியில் ஒட்டும் வட்டத் தட்டோடு) சேர்த்து ஏறக்குறைய 4 செ.மீ. நிற்பான், சுவரின் உயரம் 10 செ.மீ. நின்ற நிலையிலேயே படையை மூடிவிடலாம்.

இன்னொரு அளவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. குறுக்களவுள்ள ஓர் உருளை இருக்கிறது. அழுத்தாமல் அதற்குள் அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடிய சிறுபொருள் என்று கணக்கு. நம் வீரர்கள் பலர் நிற்கும் பேஸ் 32 மி.மீ.; மயிரிழையில்தான் தப்புகிறது. பேஸிலிருந்து ஒடிந்த உடல், தலை, துப்பாக்கி, பகடை எல்லாமே உருளைக்குள் போய்விடும்.

2. பொருள்கள்

2020-இல் வந்த வார்ஹாமர் விதிகளின் ஒன்பதாம் பதிப்பிலிருந்து வழக்கமான முழு அளவு ஆட்டங்களுக்குக் குறைந்தபட்சக் களம் 44 × 60 அங்குலம். சுற்றிலும் 2 அங்குலக் கனமுள்ள சுவர் சேர்த்தால் வெளியளவு 48 × 64. இது 8 × 4 அடி பிளைவுட்டில் அழகாக உட்காரும்: முதல் பலகையில் அடித்தட்டு 64 அங்குலம், மிச்சம் 32 அங்குலத்தில் மூடியின் ஒரு பாதி. இரண்டாம் பலகையில் மறு பாதி போக, 48 × 64 துண்டு உங்களுக்கு மிஞ்சும். ரம்பம் 3, 4 மி.மீ. தின்னும், அதை மூடித் துண்டில் கழித்துக்கொள்ளுங்கள், அடித்தட்டில் வேண்டாம்.

12 மி.மீ. கனம் போதும். கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகம் கேளுங்கள், ஃபார்மால்டிஹைடு குறைவாக வெளிவரும் ஈ-1 அல்லது ஈ-0 ரகமா என்றும் கேளுங்கள். வாங்கி வந்ததும் சில நாள் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சட்டங்கள் பைன் அல்லது ரப்பர் மரம்:

- சுவருக்கு 4 × 2 சட்டம்: 64 அங்குலத்தில் இரண்டு, 44-இல் இரண்டு
- அடிச்சட்டத்துக்கு 3 × 1½: 64-இல் இரண்டு, 45-இல் நான்கு
- காலுக்கு 3 × 3: 31 அங்குலத்தில் நான்கு
- மூடிக்கு அடியில் ஒட்ட 1 × 1 ரீப்பர்

இழைத்த பிறகு 2 அங்குலச் சட்டம் 1¾ ஆகிவிடும். எனவே குட்டைச் சட்டங்களைக் காகிதக் கணக்கில் வெட்டாதீர்கள். நீளச் சட்டங்களை இடத்தில் வைத்து, நடுவே அளந்து வெட்டுங்கள். இது தவிர ஃபெவிகால், 2½ அங்குல ஸ்க்ரூக்கள், 8 மி.மீ. உருண்டைத் தலை போல்ட் எட்டு, கழன்று வராத நைலான் நட்டுகள், 80, 120, 220 எண் உப்புத்தாள்.

அறை சிறியதா? சில வீரர்களை மட்டும் வைத்து ஆடும் கில் டீம் ஆட்டத்துக்கு 30 × 22 அங்குலக் களமே போதும். இதே முறையில் மூடி ஒரே துண்டாக முடிந்துவிடும்.

3. அடிச்சட்டமும் கால்களும்

3 × 1½ சட்டங்களை 64 × 48 செவ்வகமாக அடுக்கி, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து, ஒட்டி ஸ்க்ரூ போடுங்கள். ஸ்க்ரூவுக்கு முன் 3 மி.மீ. துளை போட்டால் மரம் பிளக்காது. மீதி இரண்டு 45 அங்குலச் சட்டங்கள் குறுக்கே போகும்; இல்லையென்றால் 12 மி.மீ. தட்டு நடுவில் தொய்யும்.

கால்கள் செவ்வகத்தின் உள்மூலையில் ஒட்டி நிற்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு போல்ட், இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்று. இரண்டும் ஒரே உயரத்தில் வந்தால் காலுக்குள் முட்டிக்கொள்ளும். ஒன்றைக் கொஞ்சம் மேலே போடுங்கள். உருண்டைத் தலை வெளியே, நட்டு உள்ளே. கால்களை நடுவை நோக்கித் தள்ளி வைப்பது பார்க்க அழகு. ஆனால் விளிம்பில் ஒரு குழந்தை தொங்கினால் மேசை அந்தப் பக்கம் சாயும். இந்த மேசையில் கால்கள் விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம்தான் உள்ளே, மொத்த எடையும் 50 கிலோவை நெருங்கும். சாய்வதற்கு வழியே இல்லை.

கால்களுக்கு நடுவே தாழ்வாகக் குறுக்குச் சட்டம் போடாதீர்கள். அது நமக்குக் கால் வைக்கும் இடம், குழந்தைக்கு ஏணி. மேசை ஆடினால் மிஞ்சிய பிளைவுட்டில் முக்கோணத் துண்டுகள் வெட்டி மேல்மூலைகளில் உட்பக்கமாக அறையுங்கள். சக்கரமும் வேண்டாம்.

4. தட்டு, சுவர்

அடித்தட்டைச் சட்டத்தின் மேல் வைப்பதற்கு முன்பே சுவரைப் பொருத்திவிடுங்கள். சுவர்ச் சட்டங்களைத் தட்டின் மேல் நிறுத்தி ஒட்டி, தட்டின் அடியிலிருந்து மேல்நோக்கி 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ. பிறகு தட்டை அடிச்சட்டத்தின் மேல் ஒட்டி, நடுக் குறுக்குச் சட்டங்களில் மேலிருந்து ஸ்க்ரூ போடுங்கள். முனை எங்காவது வெளியே எட்டிப் பார்க்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். அடியில் குழந்தை ஊர்ந்து போகும், அதனால் அடிப்பக்கத்தையும்.

5. மூலைகள்

இதில் அவசரப்படாதீர்கள். மேல் விளிம்பை மட்டும் மழுக்கிவிட்டு விட்டுவிடுவது வழக்கம். நம் மேசையில் அடிச்சட்டத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 28 அங்குலம், 71 செ.மீ. ஒன்றரை வயதுக் குழந்தையின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஓடி வந்து மோதுவது கீழ்மூலையில்.

பத்து ரூபாய் நாணயத்தை மூலையில் வைத்து அதன் வளைவைப் பென்சிலால் வரையுங்கள். அந்த வளைவுக்கு வரும்வரை, மேலிருந்து கீழ்வரை நான்கு மூலைகளையும் அரத்தாலும் 80 எண் தாளாலும் தேயுங்கள். அப்புறம் 120, 220. கீழ்விளிம்பு, மேல்விளிம்பு முழுக்கவும் ஒரு சுற்று. கடைசியில் உங்கள் கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். உள்ளங்கைக்குத் தெரியாத சிலாம்பு கன்னத்துக்குத் தெரிந்துவிடும். ரப்பர் மூலைக்காப்பு ஒட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். என் மகள் இரண்டே நாளில் அதைப் பிய்த்து வாயில் வைத்தாள்.

6. மூடி

கீல் வேண்டாம். கீல் போட்ட கனமான மூடி விரல் மேலோ கழுத்து மேலோ விழும். தூக்கி வைக்கும் இரண்டு துண்டுகள் போதும். ஒவ்வொன்றும் 7 கிலோ அளவில் வரும். ஒவ்வொரு பாதியின் அடியிலும் மூன்று ஓரங்களில், சுவரின் உட்பக்கத்தோடு உரசும்படி ரீப்பரை ஒட்டுங்கள். மூடி பக்கவாட்டில் நகராது. எடுக்க வேண்டுமென்றால் தூக்கித்தான் ஆக வேண்டும். சின்னக் குழந்தையால் அது முடியாது. ரீப்பர் வரும் இடங்களில் ஆழம் 3 அங்குலம்தான் என்பதை நினைவில் வையுங்கள். நடு இணைப்பில் ஒரு பாதிக்கு மட்டும் ரீப்பரைப் பாதி வெளியே தள்ளி ஒட்டினால் மறு பாதி அதன் மேல் உட்காரும்.

கைப்பிடிக்குப் பதிலாக ஒவ்வொரு பாதியிலும் இரண்டு 25 மி.மீ. துளைகள். இடைவெளி எங்கு வந்தாலும் 5 மி.மீ.க்குக் குறைவாக இருக்கட்டும், அல்லது 12-க்கு மேல் இருக்கட்டும். இடைப்பட்ட அளவில்தான் சின்ன விரல் நுழைந்து மாட்டிக்கொள்ளும். சுவரின் மேல் 2 மி.மீ. ஃபெல்ட் ஒட்டினால் மூடி சத்தமில்லாமல் அமரும்.

ஆடும்போது மூடியைச் சுவரில் சாய்த்து வைக்கவே கூடாது. கட்டில் மேல் படுக்கப் போடுங்கள். நான்கு வயதைத் தாண்டிய குழந்தை இருந்தால் இரு பாதிக்கும் ஒவ்வொரு நாதாங்கி வைத்துப் பூட்டிவிடலாம்.

4 அங்குலத்துக்கு மேல் உயரும் கட்டடங்களின் மாடிகளை ஒட்டாமல், தனியே எடுக்கும்படி செய்துகொள்ளுங்கள்.

7. பூச்சு

நான்கு வயதுக் குழந்தையின் வாய்க்கு நேராக இந்த விளிம்பு வருகிறது. கட்டாயம் ஒரு நாள் கடிக்கும். தண்ணீர் கலந்து அடிக்கும் வகை பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு மூன்று கை அடியுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே 220 தாளால் லேசாகத் தேயுங்கள். வண்ணம் பூசுவதென்றால் புது டப்பா வாங்குங்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) இருக்க வேண்டும் என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பரணில் கிடக்கும் பழைய டப்பாவைத் தொட வேண்டாம்.

8. சோதனை

ஒரு விளிம்பில் உங்கள் எடையைக் கொடுத்துத் தொங்கிப் பாருங்கள். அப்புறம் முழுப் படையையும் அடுக்கி, வேறொருவரைப் பெல் அடிக்கச் சொல்லி, மூடும் நேரத்தை எடுங்கள். எனக்கு முதல் தடவை 40 வினாடி ஆனது. ஒரு கட்டடக் கூரை தட்டியது. கூரையைப் பிரித்த பிறகு 22.

மேசைக்கு வெளியே

நாற்காலி அந்த அறையில் இருக்கக் கூடாது. இந்த மேசையின் மொத்தப் பாதுகாப்பையும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கவிழ்த்துவிடும். நின்றே ஆடுங்கள்.

வெட்டுவது, ஒட்டுவது, பெயின்ட் அடிப்பது எதுவும் இந்த மேசையில் நடக்க வேண்டாம். கத்தி, சூப்பர் க்ளூ, ஸ்ப்ரே எல்லாம் பூட்டிய அலமாரியில். அதைவிட முக்கியம் காந்தம். கை, ஆயுதங்களை மாற்றிப் பொருத்த 3, 5 மி.மீ. நியோடிமியம் காந்தங்கள் வைக்கிறோம். இரண்டை விழுங்கினால் குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கும் குடல் சுவரில் ஓட்டை போட்டுவிடும். விளக்குக்குப் போடும் பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் தங்கினால் இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். இவற்றில் ஒன்றை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைதான், காத்திருக்க வேண்டாம். என் வீட்டில் மகளுக்கு ஐந்து வயது ஆகும்வரை காந்தம் வைத்த எந்த வீரனும் களத்துக்கு வரவில்லை.

ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எண்ணுங்கள். வீரர்கள் எத்தனை, பகடை எத்தனை என்று மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள். இப்போது அந்த எண்ணும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். போன ஞாயிறு ஒரு பகடை குறைந்தது. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்து அவளே எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தாள்.