டெல்டாவிலிருந்து வெளியூருக்குக் குடிபெயர்தல்: செலவுக் கணக்கும் முன்னேற்பாடும்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று காவிரிப் படுகையின் எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும், சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ வீடு மாறுகிறவர்கள் முதலில் விசாரிப்பது லாரி வாடகையைத்தான். அது ஒரே நாளில் கொடுத்து முடிந்துவிடும் செலவு. குடும்பத்தைத் திணறடிப்பது, லாரி வருவதற்கு முந்தைய ஒரு மாதமும் பிந்தைய ஒரு மாதமும் சேர்ந்த காலத்தில் வந்து விழும் சிறிதும் பெரிதுமான தொகைகள். அவற்றிலும் முக்கியமாக, இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் முடங்கிக் கிடக்கும் வீட்டு முன்பணம். ஆகவே செலவுக் கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்; தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, உங்களுடையதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் மாத வாடகை 8,000 ரூபாய், கொடுத்து வைத்த முன்பணம் 40,000 ரூபாய். சென்னையில் பார்த்த வீட்டுக்கு வாடகை 18,000 ரூபாய், உரிமையாளர் கேட்பது ஐந்து மாத முன்பணம், அதாவது 90,000 ரூபாய். தரகருக்கு ஒரு மாத வாடகை 18,000, முதல் மாத வாடகை 18,000 என்று சேர்த்தால், ஒரு பாத்திரம்கூட வண்டியில் ஏறுவதற்குள் 1,26,000 ரூபாய் கையை விட்டுப் போகிறது. பழைய வீட்டின் 40,000 ரூபாயோ, வீட்டைக் காலி செய்து, வெள்ளையடிக்கும் கூலியும் மின்கட்டணமும் கழித்த பிறகுதான் திரும்ப வரும். மொத்தக் கணக்கில் இந்த 40,000 வரவாகத் தெரிவதால் பலர் அதை நம்பி நாளைக் குறித்துவிடுகிறார்கள். வர வேண்டிய நாளில் அது வருவதில்லை.

இதற்கு நான் கண்ட வழி, ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதுவதுதான். இடப்பக்கம் தேதி, நடுவில் அன்று போகும் தொகை, வலப்பக்கம் அன்று கையில் மிஞ்சும் தொகை. மிஞ்சும் தொகை எந்தத் தேதியில் மிகக் குறைவாக இருக்கிறதோ, அந்தத் தேதிக்குத்தான் நீங்கள் தயாராக வேண்டும். அந்த நாளில் கை வறண்டுபோகும் என்று தெரிந்தால், நகையை அடகு வைக்க ஓடுவதற்குப் பதிலாக, இரண்டு மாதம் முன்னரே சீட்டுப் பணத்தை எடுக்கவோ புறப்படும் தேதியைத் தள்ளிப்போடவோ முடியும்.

முன்பணத்தைப் பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத நிலையில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் கேட்கும் உரிமையாளரிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொன்னால், ஐந்து மாதம் நான்காகக் குறைய வாய்ப்புண்டு. பெங்களூருக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே கேட்கும் தொகை இதைவிடப் பெரிதாக இருக்கும் என்று எண்ணியே கணக்குப் போடுவது நல்லது.

நாள் குறிப்பது

நம் பக்கத்தில் ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடி போவதில்லை. அதனால் ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாளன்று வண்டியும் கிடைக்காது, சுமைதூக்கும் ஆளும் கிடைக்காது. கிடைத்தாலும் கூலி கூடும். மே மாதத்தில் பள்ளி விடுமுறையை ஒட்டி எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் அதே நெருக்கடி. இவற்றோடு டெல்டாவுக்கே உரிய ஒரு கணக்கும் இருக்கிறது. புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுவடையும், தை, மாசியில் சம்பா அறுவடையும் நடக்கும்போது, உள்ளூர் லாரிகளில் பல, கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு நெல் மூட்டை ஏற்றப் போய்விடும். சுமைப்பணித் தொழிலாளர்களும் அங்கேதான் இருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கம் திறந்த வண்டியில் மெத்தையை ஏற்றும் துணிச்சல் யாருக்கும் வேண்டாம்.

ஆடியில் வண்டி வாடகை இறங்கியிருக்கும் என்பதால், ஆனியிலேயே நல்ல நாள் பார்த்துப் புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டு, பொருள்களை மட்டும் ஆடியில் ஏற்றலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சாத்திரத்துக்கும் குறைவில்லை, பணத்துக்கும் மிச்சம் என்று தோன்றும். ஆனால் அந்த இடைவெளி நாள்களுக்கு இரண்டு வீட்டு வாடகையும் ஓடும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் சென்னை வீட்டுக்கு ஒரு நாள் வாடகை 600 ரூபாய். 20 நாள் பூட்டிக் கிடந்தால் 12,000 ரூபாய். லாரியில் மிச்சமாவது அதைவிடக் கூடுதலாக இருந்தாலன்றி இந்த வழி வேண்டாம்.

எதை எடுத்துப் போவது

லாரி வாடகையைக் குறைக்கும் உண்மையான இடம் பேரமன்று, வீட்டுக்குள் இருக்கும் பொருள்தான். டெல்டா வீடுகள் பெரியவை. கூடம், ரேழி, பரண் என்று மூன்று தலைமுறைச் சாமான் இருக்கும். நகரத்து அடுக்குமாடி வீட்டில் அதில் பாதிகூட நுழையாது. அங்கே போய்த்தான் இது தெரிகிறது என்றால், நுழையாத சாமானை 300 கிலோமீட்டர் சுமந்த கூலி வீண். ஆகவே புது வீட்டின் அறை அளவுகளையும் கதவின் அகலத்தையும் நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு வந்த பிறகே, எது போகும், எது தங்கும் என்று முடிவு செய்யுங்கள். கழற்ற முடியாத பழைய தேக்குக் கட்டில், ஊஞ்சல் பலகை, ஆட்டுக்கல், நெல் அளந்து வைத்த குதிர் ஆகியவற்றை ஊரிலேயே உறவினர் வீட்டில் விட்டுவிடலாம். மனம் வராமல் அம்மியை மட்டும் எடுத்துப் போகிறவர்களை நான் தடுக்க மாட்டேன். அதை லாரியின் தரையில், மற்ற எதுவும் சாயாத மூலையில் வைக்கச் சொல்லுங்கள்.

பித்தளை அண்டாவும் நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் உடையாதவை என்று அலட்சியம் செய்யக் கூடாது. விளக்கைப் பாகம் பாகமாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் பழைய வேட்டியில் சுற்றி, அண்டாவுக்குள் அடுக்கினால் இரண்டும் பத்திரமாகும், இடமும் மிச்சமாகும். தஞ்சாவூர் ஓவியம் வேறு வகை. பலகையில் ஒட்டிய துணியின் மேல் சுண்ணப் பசையால் எழுப்பிய வேலைப்பாடு, தங்க ரேக்கு, கற்கள், மேலே கண்ணாடி என்று அமைந்திருப்பதால், படுக்க வைத்து மேலே பெட்டியை ஏற்றினால் கண்ணாடி உடைந்து ரேக்கையும் கீறிவிடும். கண்ணாடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுநாடா போட்டு, இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் நிறுத்திய நிலையில் கொண்டுபோக வேண்டும். வீட்டில் வீணை இருந்தால் லாரியிலேயே ஏற்றாதீர்கள். அதன் மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டவை. சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் மெழுகு இளகினால் சுருதி தவறும், அதைச் சரிசெய்யத் தேர்ந்த கைவினைஞரைத் தேட வேண்டும். தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, உறையிலிட்டு, நீங்கள் போகும் ரயிலிலேயே உடன் எடுத்துச் செல்வதுதான் முறை.

வண்டி பேசுவது

ஓர் அறை வீட்டுச் சாமானுக்குக் குட்டியானை போதும் என்று தோன்றினாலும், நெடுந்தூரத்துக்கு அதை நிறையத் திணித்து அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அது தாங்கும் எடை முக்கால் டன் அளவுதான். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 14 அடி அல்லது 17 அடி மூடிய லாரி தேவைப்படும். சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ சரக்கு இறக்க வந்து வெறுமனே திரும்பும் வண்டி கிடைத்தால், அந்த ரிட்டர்ன் லோடுக்கு வாடகை கணிசமாகக் குறையும். அதற்கு ஓரிரு நாள் முன்பின்னாகக் கிளம்பும் வசதி உங்களுக்கு இருக்க வேண்டும்.

மூட்டை கட்டி, ஏற்றி, இறக்கித் தரும் நிறுவனங்களிடம் பேசும்போது, குறைந்தது மூன்று பேரை வீட்டுக்கே அழைத்து, பரண் உட்பட அனைத்தையும் காட்டி, எழுத்தில் விலை வாங்குங்கள். அந்த விலையில் ஜி.எஸ்.டி., சுங்கக் கட்டணம், இறக்குக் கூலி, மாடி ஏற்றும் கூலி, மின்விசிறியும் கட்டிலும் கழற்றி மாட்டும் கூலி ஆகியவை அடங்கியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். மூட்டை கட்டுவதையும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகச் செய்பவர்கள் வழக்கமாக 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ப்பார்கள். 40,000 ரூபாய் என்று வாய்வார்த்தையாகக் கேட்டது, பட்டியலில் 47,200 ரூபாயாக வருவது இதனால்தான். வீட்டு உபயோகப் பழைய பொருள்களுக்கு, சரக்கு கொண்டுசெல்ல இணையத்தில் எடுக்கும் ஈ-வே பில் என்ற சீட்டு தேவையில்லை. அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தெருவின் அகலத்தையும் சொல்லிவிட வேண்டும். கும்பகோணத்தின் பழைய தெருக்களிலும் தஞ்சையின் கோட்டைப் பகுதிச் சந்துகளிலும் 17 அடி லாரி திரும்பாது. முனையில் நிறுத்திச் சிறு வண்டியில் கொண்டுபோய் ஏற்ற வேண்டுமானால் கூலி இரட்டிப்பாகும். போய்ச் சேரும் இடத்திலும் இதே கேள்வி உண்டு. நகரத்துக்குள் பகலில் லாரி நுழையத் தடை உள்ள சாலைகள் இருக்கின்றன. பல அடுக்குமாடிகளில் மின்தூக்கியில் சாமான் ஏற்றக் குறிப்பிட்ட நேரமும், சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. எங்கள் குடும்பம் கோயம்புத்தூருக்கு மாறியபோது, மூன்றாவது மாடி என்பதைத் தொலைபேசியில் சொன்னதோடு விட்டுவிட்டோம். வண்டி வந்து நின்ற பிறகு, மாடிக்கு ஏற்றுவதற்கென்று, பேசிய தொகையில் கால் பங்கைக் கூடுதலாகக் கேட்டார்கள். பாதிச் சாமான் தெருவில் இருந்த நிலையில் கொடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஏற்றும் ஒவ்வொரு பெட்டிக்கும் எண் எழுதி, உள்ளே இருப்பதைப் பட்டியலிட்டு, ஓட்டுநரின் கையொப்பம் வாங்குங்கள். வழிச்சேதக் காப்பீடு எடுத்தால், பொருளின் மதிப்பை அந்தப் பட்டியலிலேயே குறிக்க வேண்டும். குறிக்காத பொருளுக்கு இழப்பீடு பெறுவது கடினம். நகை, பட்டா, பத்திரம், சான்றிதழ்கள், கூட்டுறவுச் சங்கக் கடன் ரசீதுகள் ஆகியவை உங்கள் கைப்பையை விட்டு இறங்கக் கூடாது.

இணைப்புகளும் காகிதங்களும்

எரிவாயு உருளையை லாரியில் ஏற்றக் கூடாது. உருளையையும் ரெகுலேட்டரையும் பழைய விநியோகஸ்தரிடம் ஒப்படைத்து, மாற்றுச் சீட்டும் வைப்புத்தொகையும் பெற்று, புது ஊரில் மீண்டும் இணைப்பு எடுக்க வேண்டும். திரும்பக் கிடைப்பது நீங்கள் அன்று கட்டிய தொகை; புதிதாகக் கட்டுவது இன்றைய தொகை. 2022 ஜூனிலிருந்து 14.2 கிலோ உருளைக்கு 2,200 ரூபாயும் ரெகுலேட்டருக்கு 250 ரூபாயும் என்பதால், இருபது ஆண்டுக்கு முன் இணைப்பு எடுத்தவர்களுக்கு இதில் நல்ல வித்தியாசம் விழும். புது இணைப்பு வரும்வரை பால் காய்ச்ச ஒரு மின் அடுப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழோடு, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் அடையாள எண்ணான எமிஸ் எண்ணையும் வாங்குங்கள். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8 போதும். இருசக்கர வண்டியை ரயில் பார்சலில் அனுப்புவதானால் பதிவுச் சான்று நகல் வேண்டும், பெட்ரோல் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டப் போகிறீர்கள் என்றால் அங்கே மறுபதிவு கட்டாயம். அதற்குரிய தடையின்மைச் சான்றை இங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கிளம்பும் முன்பே பெறுவது, பிறகு ஒருமுறை ஊருக்கு அலைவதைத் தவிர்க்கும்.

புது ஊரின் முதல் மாதத்துக்கு, லாரிக்கு எவ்வளவு கொடுத்தீர்களோ அதே அளவு தொகையைத் தனியே ஒதுக்குங்கள். அடிபம்பில் தண்ணீர் எடுத்துப் பழகிய வீட்டுக்குக் கேன் தண்ணீர் ஒரு புதுச் செலவு. திரைச்சீலைக் கம்பி, குழாய் பழுது, பள்ளி வண்டி என்று அது கரைந்துவிடும். சொந்த வயல் அரிசி இருந்தால் இரண்டு மூட்டையை லாரியிலேயே ஏற்றிவிடுவது இந்தத் தொகைக்குச் சற்று ஆறுதல் தரும்.

கிளம்பும் நாளில், வீட்டைப் பெருக்கிய பிறகு, மின்கணக்கி காட்டும் எண்ணையும் ஒவ்வொரு அறையின் சுவரையும் உரிமையாளர் அருகில் இருக்கும்போதே படமெடுத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தில் கழிக்கும் தொகை எவ்வளவு, மீதி எந்தத் தேதியில் எந்த வங்கிக் கணக்கில் வரும் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகு சாவியைக் கொடுங்கள். அந்தத் தேதியை நோட்டிலும் குறித்துவிடுங்கள்.