விடுதிப் பிள்ளைகளே, முதலில் காலைச் சாப்பாடு

இரண்டாம் ஆண்டில் ஒரு திங்கட்கிழமை. கெமிஸ்ட்ரி லேபில் பியூரெட்டைப் பிடித்தபடி நின்றிருந்தவள் கண் இருட்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "காலையில என்ன சாப்பிட்டே?" என்றார் மேடம். டீ. முந்தின நாள்? அன்றும் டீதான். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.

இப்போது விடுதிக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் "உடம்பைப் பாத்துக்க என்னக்கா செய்யணும்?" என்று கேட்டால், ஜிம், புரோட்டீன் பவுடர் பேச்சையே எடுப்பதில்லை. கீழே உள்ள வரிசையைத்தான் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு படி போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் நாலாம் நாள் விட்டுவிடுவீர்கள்.

படி 1: முளைகட்டிய பயறு

ஞாயிறு இரவு ஒரு கைப்பிடி பாசிப்பயறைக் கழுவி, டிபன் டப்பாவில் குடிக்கிற தண்ணீர் ஊற்றி ஊற வையுங்கள். திங்கள் காலை தண்ணீரை வடித்துவிட்டு, சுத்தமான பருத்திக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து அதில் பயறை மூட்டையாகக் கட்டி, ஜன்னல் கொக்கியில் வெயில் படாமல் தொங்கவிடுங்கள். சாயங்காலம் வந்ததும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். செவ்வாய்க் காலை வெள்ளை முளை எட்டிப் பார்க்கும்.

கோடையில் கவனம் வேண்டும். புளித்த வாடை அடித்தாலோ, விரலில் பிசுபிசுத்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பச்சையாகச் சாப்பிடுவதும் வேண்டாம். ஈரத்தில் கிருமியும் சேர்ந்தே வளரும். மெஸ் அக்காவிடம் நயமாகக் கேட்டால் இட்லிக் கொப்பரையில் ஓர் ஓரமாக வைத்து அவித்துத் தருவார். அறையில் நாலு பேர் என்றால் முறை போட்டுக்கொள்ளுங்கள். ஒருத்தி சீக்கிரம் எழுந்து போனால் மற்ற மூவருக்கும் டப்பா வந்துவிடும்.

மேலே எலுமிச்சை பிழியுங்கள். பயறில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி கைகொடுக்கும். சாப்பாட்டோடு குடிக்கும் டீ அதைக் கெடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். இந்த ஒன்றுக்குத்தான் நான் ரொம்ப அடம்பிடித்தேன்.

பயறு கட்ட முடியாத நாளில் ஒரு வேகவைத்த முட்டை, இல்லாவிட்டால் ஒரு பிடி வேர்க்கடலை. இரண்டிலும் 6, 7 கிராம் புரதம் இருக்கிறது.

படி 2: தூக்கம்

உங்கள் வயதுக்கு 7 மணி நேரமாவது தூங்க வேண்டும். போனைக் கட்டிலில் இருந்து எட்டாத பிளக்கில் சார்ஜ் போடுங்கள். ராத்திரி பத்து மணிக் காபியின் காஃபீனில் பாதி, விடிகாலை மூன்று மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

படி 3: நடை

வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் வளாகத்துக்குள் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். ஊர்க்கதை பேசிக்கொண்டே நடந்தாலும் கணக்கில் சேரும், வேகம் குறையாமல் இருந்தால் சரி.

படி 4: தண்ணீர்

பெண் பிள்ளைகள் பலர் கல்லூரிக் கழிப்பறைக்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீரை அடக்கி அடக்கி எரிச்சலும் காய்ச்சலுமாகப் படுத்தவர்களை அறையில் பார்த்திருக்கிறேன். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். கழிப்பறைக்குக் கதவோ தண்ணீரோ இல்லையென்றால் பத்துப் பேர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். ஒருத்தி போய்ச் சொன்னால் காதில் விழாது.

படி 5: ரத்தப் பரிசோதனை

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. கூச்சப்பட ஒன்றுமில்லை. இரும்புச்சத்து மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரைக்கும் போடுங்கள்.

மாத்திரை தொடங்கியதும் மலம் கறுப்பாகப் போகும். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பயந்துபோய் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வார்டன் கதவைத் தட்டினேன்.